ஹலோக்காவின் காதில் விழுந்தது

அந்த எஃகு ஆலை எத்தனை முறை கை மாறியதோ அத்தனை முறை அவள் வாயும் மாற வேண்டியிருந்தது. தொலைபேசி அடித்ததும் ஆலையின் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வது அவள் வேலை. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ஓர் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் நடத்திய ஆலை அது. அவர்களுடைய குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், முடிந்தது. பிறகு அரசாங்கம் நாட்டிலிருந்த எஃகு ஆலைகளையெல்லாம் மொத்தமாக வாரி எடுத்து ஒரே கம்பெனியாக்கியது. பெயருக்கு முன்னால் ‘தேசிய’ வந்து உட்கார்ந்தது. பின்னால் ‘மேல் ஆலை’ என்று ஒரு வால் முளைத்தது. அதற்கப்புறம் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நடுவில் ‘மற்றும்’ நுழைந்தது. ஒவ்வொரு இணைப்புக்கும் பெயர் நீண்டதே தவிர, வேறு எதுவும் நீண்டதாகத் தெரியவில்லை. அவள் மூச்சு விடாமல் முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள், கூப்பிட்டவருக்கு எதற்காகக் கூப்பிட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

தொழிலாளிகள் அந்தப் பெயர்களைச் சட்டை செய்யவில்லை. அவர்களுக்கு அது ஆலை, அவள் ஹலோக்கா. அலுவலகக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், கூரை ஒரு பக்கம் சாய்ந்த சின்ன அறைதான் அவளுடைய எக்ஸ்சேஞ்ச். பலகை முழுக்க வரிசை வரிசையாகத் துளைகள். எந்தக் கம்பியை எந்தத் துளையில் செருகினால் யார் எடுப்பார்கள் என்பது அவள் விரல்களுக்கே தெரியும். ஜன்னலைத் திறந்தால் உலைக்கூடத்துக் கரி வந்து பலகையில் படியும். மூடினால் அவள் வெந்துபோவாள். காலையில் கரி, மத்தியானம் வேக்காடு என்று ஒரு முறை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

வீடுகளில் தொலைபேசி இல்லாத காலம் அது. இன்று இரண்டு ஷிப்ட், சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று உலைக்கூடத்திலிருந்து யாராவது சொன்னால், அந்த ஆளின் தெருவிலிருக்கும் மருந்துக் கடைக்கோ சைக்கிள் கடைக்கோ கூப்பிட்டு வீட்டில் சொல்ல வைப்பாள். யார் மேலாவது இரும்புக் குழம்பு தெறித்துவிட்டால் முதலில் ஆஸ்பத்திரிக்கு, அடுத்தது மனைவிக்கு. அவள் ஹலோ சொல்கிற விதத்தை வைத்தே அன்றைக்கு ஆலை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஊர் ஊகித்துக்கொள்ளும்.

எக்ஸ்சேஞ்சுக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. இணைப்புச் சரியாக விழுந்ததா என்று ஒரு மூச்சு நேரம் கேட்கலாம்; உடனே காதை எடுத்துவிட வேண்டும். தப்பித் தவறி விழுந்தது அந்த அறையைத் தாண்டக் கூடாது. எந்த ஃபோர்மேன் எந்த டாக்டரிடம் எதற்காக ஓடுகிறார், எந்த அதிகாரி வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சே இல்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு சொல்லாவது வெளியே வந்திருக்க வேண்டுமே! அதில் அவளுக்குக் கர்வம், அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை. கோயில் கதவு திறந்தாலும் திறக்கும், என் வாய் திறக்காது என்று சொல்லிக்கொள்வாள். தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

வெளியூர் அழைப்புகளில் இன்னொரு வேலையும் அவள் தலையில் விழும். கம்பி இரைச்சலாக இருந்து ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் போனால், நடுவிலிருக்கும் அவளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். அப்போது இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் அவள்தான் திருப்பிச் சொல்வாள். சத்தமாக, தெளிவாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனதும், தம்பியை ஆளாக்குவதிலேயே வயது ஓடிவிட்டது. அவனை ஆலையில் கிரேன் ஓட்டச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அவன், அவன் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், இவள், எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இதைத் தவிர அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு சிநேகிதி. கேன்டீனில் வேலை பார்த்தவள், பெரிய உலையின் தலைமை ஆளுக்கு வாழ்க்கைப்பட்டவள். மத்தியானம் கேன்டீன் ஓய்ந்ததும் இரண்டு டம்ளர் டீயோடு மாடிப்படிக்கு அடியில் வந்து குந்துவாள். ஊர் வம்பு முழுக்க அவளிடம்தான் கிடைக்கும். வாங்குவதற்கு ஹலோக்காவிடம் ஒன்றும் கிடைக்காது. “உன்கிட்ட பேசுறதும் செவுத்துகிட்ட பேசுறதும் ஒண்ணுடி” என்று அலுத்துக்கொண்டே மறுநாளும் வருவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரிய இணைப்பு வந்தது. தேசியக் கம்பெனியையும் துறைமுகத்துக் கம்பெனியையும் ஒன்றாக்கப் போவதாக அறிவித்தார்கள். துறைமுகத்து ஆலை புத்தம் புதியது, கப்பலில் வரும் தாது நேராக உலைக்குப் போகிற மாதிரிக் கட்டியது. மேல் ஆலையோ ரயிலை நம்பிப் பிழைப்பது. மேனேஜர் கேன்டீனில் எல்லாரையும் கூட்டி, இது இரண்டு நல்ல குடும்பங்களுக்கு நடுவில் நடக்கிற கல்யாணம் மாதிரி என்று உருகினார். பின் வரிசையிலிருந்து உலைக்காரர், அதாவது சிநேகிதியின் புருஷன், எழுந்தார்.

“கல்யாணம் சரிங்க. இதுல பொண்ணு யாரு? வீட்டை விட்டுப் போகப் போறது யாருன்னு தெரியணும்ல?”

கேன்டீன் அதிர்ந்தது. மேனேஜரும் சிரித்து வைத்தார். பதில் மட்டும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் பதில் வேறு உருவத்தில் வந்தது. விருப்பப்பட்டவர்கள் துறைமுகத்து ஆலைக்கு மாற்றிக்கொள்ளலாம், மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும், அங்கே போனால் பழைய சர்வீஸ் சேராது, புது ஆளாகத்தான் கணக்கு என்றார்கள். சங்கம் கூடியது. ஒருத்தரும் பெயர் கொடுக்கக் கூடாது, எல்லாரும் இங்கேயே நின்றால் உலையை அணைக்க எவனுக்கும் துணிச்சல் வராது என்று முடிவாயிற்று. கை தூக்கச் சொன்னார்கள். தூக்காத கை இல்லை. தம்பியும் தூக்கினான். உலைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். வாசலில் நின்று பார்த்த ஹலோக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜருக்கு அழைப்பு. இணைந்தது கம்பெனிகள்தான், கம்பிகள் இன்னும் இணையவில்லை. அவர்களுடைய எக்ஸ்சேஞ்ச் ஒரு விதம், இவர்களுடையது ஒரு விதம். நடுவில் ஏதோ ஓர் ஊரில் ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் “என்ன? என்ன?” என்று கத்தினார். அந்தப் பக்கத்துப் பெரியவரும் கத்தினார். கடைசியில் அவர், ஆபரேட்டர், நான் சொல்வதைச் சொல்லும்மா என்றார்.

சொன்னாள்.

“மழைக்காலம் முடிஞ்சதும் மேல் ஆலையில உலையெல்லாம் அணைக்கணும்னு முடிவாயிடுச்சாம் சார்.”

மேனேஜர் எல்லா உலையுமா என்றார். அதை அந்தப் பக்கம் சொன்னாள். எல்லாம் என்று பதில் வந்தது. அதை இந்தப் பக்கம் சொன்னாள். பெயர் கொடுத்தவர்களை மட்டும் துறைமுகத்தில் எடுத்துக்கொள்வார்கள், மாதக் கடைசியோடு கதவு சாத்திவிடும், மற்றவர்களுக்கு அங்கே இடமில்லை. அதையும் சொன்னாள். கடைசியாக ஒன்று வந்தது.

“அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதாம் சார். தெரிஞ்சா எல்லாரும் பேர் கொடுத்துடுவாங்களாம்.”

“சரின்னு சொல்லும்மா” என்றார் மேனேஜர். சரியாம் சார் என்றாள்.

இரண்டு பேருமே அவள் அங்கே இருப்பதை மறந்துவிட்டிருந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தால் குழாயை யார் நினைக்கிறார்கள்? அதைவிடக் கேவலம், கம்பியை உருவிய அந்த நிமிஷத்தில் அவள் நினைத்தது உலையைப் பற்றியோ மனிதர்களைப் பற்றியோ அல்ல. குரல் ஒரு இடத்தில்கூடப் பிசிறவில்லை என்று நினைத்தாள். சபாஷ் என்றுகூட நினைத்திருக்கலாம். பிற்காலத்தில் எதை மறந்தாலும் இதை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. நினைத்த போதெல்லாம் காது மடல் சுடும்.

மத்தியான வேக்காட்டில்தான் அவள் சொன்னது என்ன என்பது அவளுக்கே உறைத்தது. ஜன்னலைத் திறந்தாள், உலைக்கூடத்தில் ஆட்களின் தலைக்கு மேலே தம்பியின் கிரேன் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் தம்பி குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டும்போது அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அவன் மனைவி குழந்தைகளைப் பாடம் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷக் கட்டுப்பாடு. உடைவதற்கு ஒரு கொதி வரும் நேரம்கூட ஆகவில்லை. அவன் துண்டைப் பிடித்தபடி நின்றான்.

“நான் கை தூக்கினேனேக்கா.”

“தூக்கின கையை இறக்கு. ரெண்டு பொண்ணு வெச்சிருக்கே.”

“உலைக்கார மாமாகிட்டயாவது சொல்லிடுறேன். கேன்டீன் அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?”

“மூச்சு விடாதே. ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். எல்லாரும் போய் நின்னா உனக்கு அங்க இடம் கிடைக்குமா? எனக்குத்தான் இங்க வேலை இருக்குமா?”

சொல்லும்போதே தன் குரல் யார் குரல் மாதிரியோ இருப்பது அவளுக்குத் தெரிந்தது. காலையில் தலைமை அலுவலகத்துப் பெரியவர் சொன்னதைத்தான் இப்போதும் அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த முறை யாரும் சொல்லச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தம்பி தலை குனிந்துகொண்டான். அந்தப் பையன் நல்லவன். அக்கா சொன்னதைத் தட்டாத ஒரே குற்றம்தான் அவனுடையது.

மறுநாள் மத்தியானம் சிநேகிதி வந்தாள், இரண்டு டம்ளர் டீயோடு. வழக்கமான வம்பு எதுவும் இல்லை. வந்து உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள். வீட்டில் புருஷனுக்கும் அவளுக்கும் இரண்டு நாளாக வாக்குவாதம். சங்கத்தில் கை தூக்கியது தூக்கியதுதான் என்று அவர் நிற்கிறார். ஆலை நிற்கும் என்று அவர் நம்புகிறார், அவளுக்குத்தான் பயமாக இருக்கிறது.

“உன்னை நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை. இது ஒண்ணு மட்டும் கேக்குறேன். உன் காதுல ஏதாவது விழுந்துச்சா? விவரமெல்லாம் வேண்டாம். போகலாமா, இருக்கலாமா? தலையை மட்டும் ஆட்டு.”

பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. ஹலோக்கா அந்தப் பக்கம் திரும்பி, கம்பியைச் செருகி, பெயரைச் சொல்லி, இணைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் பதில் தயாராகியிருந்தது.

“என் காதுல ஒண்ணும் விழலைடி. இங்க கேட்டதை நான் சொல்லவும் மாட்டேன், உனக்கே தெரியும்.”

இரண்டில் எது உண்மை என்று சிநேகிதி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முகம் தெளிந்துவிட்டது. விழுந்திருந்தால் நீ இப்படி நிம்மதியாக டீ குடிப்பாயா என்று சொல்லிச் சிரித்தாள். ஹலோக்கா டம்ளரில் மிச்சமிருந்த டீயையும் குடித்து முடித்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. கேன்டீன்காரி, வாய் சும்மா இருக்குமா? ஹலோக்காவின் காதுக்கே எதுவும் வரவில்லையாம், அப்புறம் என்ன பயம் என்று சாப்பாட்டுத் தட்டு நீட்டியவர்களிடமெல்லாம் சொன்னாள். பெயர் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தவர்கள் பலர் அதைக் கேட்டு அடங்கினார்கள். ஹலோக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். வாய் திறக்காதவள் என்று இத்தனை வருஷம் சேர்த்து வைத்த மரியாதை அத்தனையும் அந்த ஒரு பொய்க்குப் போய் முட்டுக் கொடுத்தது. வாசலில் இரண்டு பேர் அவளுக்கு நன்றிகூடச் சொன்னார்கள். கூசிப்போய் நின்றாள், அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாதக் கடைசி நாளில் தம்பி பெயர் கொடுத்தான். குட்டு ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தது. கருங்காலி என்று கிரேன் ஏணியில் கரியால் எழுதினார்கள். சங்கத் தலைவர் ஒரு கூட்டத்தோடு தம்பி வீட்டு வாசலுக்கு வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, அக்கா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் உள்ளே, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வந்து, நான்தான் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போது கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. கேன்டீன்காரியின் குரல்.

“அவன் போனா அவனோட போகட்டும். அக்காவை இழுக்காதீங்க. அவ என்ன பண்ணுவா பாவம்?”

கூட்டம் கலைந்தது. ஹலோக்கா அடுப்படியில் போய் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

தம்பி குடும்பத்தோடு துறைமுகத்துக்குப் போனான். மழை வந்தது, நின்றது. ஒரு பகல் முழுக்க ஒவ்வொன்றாக உலைகளை அணைத்தார்கள். பெரிய உலையை அணைத்தவர் உலைக்காரர்தான். வேறு யாருக்கும் அதை முறையாக அணைக்கத் தெரியாது. சங்கம் தலைமை அலுவலகத்துக்கு ஆள் அனுப்பியது, உலைக்காரரும் போனார். பேச்சுவார்த்தையில் எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்கள். பெயர் கொடுக்கிற கெடுவுக்கு முன்பே என்று ஓர் அதிகாரி ஒப்புக்கொண்டார். மேனேஜருக்கு அப்போதே சொல்லியாகிவிட்டது, லைன் மோசம், உங்கள் ஆபரேட்டரம்மாதான் சொல்லிக் கொடுத்தார், நல்ல தெளிவான குரல் என்று பாராட்டவும் செய்தார்.

உலைக்காரர் திரும்பி வந்த நாளிலிருந்து மாடிப்படிக்கு அடியில் டீ வரவில்லை. கேன்டீனே மூடிவிட்டதால் வரவில்லை என்று ஹலோக்கா சொல்லிக்கொண்டாள். மனசு நம்பவில்லை. தெருவில் ஒருத்தரும் அவளைத் திட்டவில்லை. அவள் வருவதைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். கேட்டால் என்ன ஆகும், அவள்தான் கேட்டதை யாருக்கும் சொல்ல மாட்டாளே. அவள் கடைக்குப் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டாள். பிறகு கடையையே மாற்றிக்கொண்டாள்.

வேடிக்கை என்னவென்றால், எல்லாரையும் அனுப்பிய பிறகும் அவளை வைத்திருந்தார்கள். காலி ஆலைக்கும் தொலைபேசி வருமே. புதுக் கம்பெனியின் பெயரைச் சொல்லி, மேல் ஆலை மூடப்பட்டுவிட்டது, துறைமுகத்துக்குப் பேசுங்கள் என்று இரண்டு வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளையும் அனுப்பினார்கள். துறைமுகத்துக் கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்தது, அதை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று விழுங்கியது, ‘தேசிய’ சத்தமில்லாமல் உதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் தம்பி கடிதத்தில் புதுப் பெயரை எழுதுவான். அந்தப் பெயரை ஒரு முறை உரக்கச் சொல்லிப் பார்ப்பாள், பழக்க தோஷம். தம்பி அங்கேயே பெரிய பெண்ணைக் கட்டிக் கொடுத்தான். நீயும் வந்துவிடுக்கா என்று எத்தனையோ முறை கூப்பிட்டான். போகவில்லை. ஏன் என்று கேட்டவனிடம் ஊர் பழகிவிட்டது என்றாள். ஊர் அவளோடு பேசுவதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

உலைக்காரர் ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கினாள். ஹலோக்காவுக்கு வேலை பார்த்த காதில் இரைச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாள். காது மூக்குப் பிரிவின் வாசலில் நீள பெஞ்சு. ஓரமாக இருந்த ஒரே காலியிடத்தில் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்தாள். எழுந்திருக்க முயன்றாள்.

“உக்காரு” என்றாள் கேன்டீன்காரி. முடி முழுக்க நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

உட்கார்ந்தாள். உள்ளே யாருடைய குழந்தையோ அழுதது. ஹலோக்காவின் கை தானாக முந்தானையைத் தேடியது. இத்தனை காலமும் ராப்பகலாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றாவது நாக்குக்கு வர வேண்டுமே. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று ஆரம்பித்தாள். தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்றாள். கட்டுப்பாடு என்ற சொல்லும் எப்படியோ வாயில் வந்துவிட்டது. வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேன்டீன்காரி குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். கோபமாகத் தெரியவில்லை. கொஞ்சம் களைப்பாகத்தான் தெரிந்தாள்.

“தம்பிகிட்ட சொன்னதை நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன். உன் இடத்துல இருந்தா நானும் முதல்ல என் தம்பிகிட்டதான் ஓடியிருப்பேன்.”

ஹலோக்கா நிமிர்ந்தாள். அவ்வளவு வருஷங்களில் முதல் முறையாக அந்த முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அடுத்தது உன்கிட்ட வந்திருப்பேன்” என்றாள் கேன்டீன்காரி.

உள்ளேயிருந்து அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். முறை ஹலோக்காவுடையது. இரண்டாம் முறை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. காது கேட்காத அம்மா போலிருக்கிறது என்று நர்ஸ் வெளியே வந்து அவள் தோளைத் தொட்டாள்.